பதினெட்டு நகல்கள்

என் தம்பிக்கு மூன்று வயதில் இரண்டு கால்களும் சூம்பிப்போயின. வாய் மட்டும் மிஞ்சியது. அந்த வாயை வைத்துக்கொண்டு அவன் இந்த ஊரில் யாரையும் நிம்மதியாக இருக்க விட்டதில்லை. நான் அவனுக்கு எட்டு வயது மூத்தவள். பள்ளிக்கூடத்துக்கு அவனை முதுகில் சுமந்து போனவள் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

நீதிமன்றத்துக்கு எதிரே எங்களுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. எட்டடிக்குப் பத்தடி. உள்ளே இரண்டு மிஷின்கள். ஒன்று ஓடும், இன்னொன்று அதற்கு உதிரி பாகம் கொடுக்கும். மிஷின் முன்னால் நிற்பது நான். மேசையில் உட்கார்ந்து எழுதத் தெரியாதவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவது அவன். அதில் அவனுக்கு ஒரு தனி வழக்கம் உண்டு. ஒரே மாதிரி விண்ணப்பத்தோடு பலர் வந்தால், ஒருவருடையதை மட்டும் முழுதாக எழுதுவான். பெயர், முகவரி இருக்கிற இடத்தில் வெள்ளைத் தாள் துண்டை வைத்து மறைப்பான். பிறகு என்னிடம் கொடுத்து நகல் எடுக்கச் சொல்வான். மற்றவர்களுக்குப் பெயரை மட்டும் எழுதினால் போதும். எத்தனை பேருடைய அரை நாளை அவன் இப்படி மிச்சப்படுத்தியிருப்பான் என்று சொல்ல முடியாது.

ஓட்டுப் பைத்தியம் அவனுக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. ஒரு தேர்தலில் ஓட்டுப் போடப் போனான். வாக்குச்சாவடி இருந்த பள்ளிக்கூடத்துக்கு ஆறு படிகள். இரண்டு போலீஸ்காரர்கள் அவனை மூட்டை மாதிரி தூக்கினார்கள். வரிசையில் நின்ற ஒருவர், "பார்த்துத் தூக்குங்கய்யா, ஓட்டு கீழ விழுந்துடப் போகுது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இவனும் சிரித்தான். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்து நான் பார்த்தது அப்போதுதான்.

மூன்றாம் நாள் மனு எழுத ஆரம்பித்தான். பள்ளிக்கூட வாசலில் சரிவுப் பாதை வேண்டும் என்று பதினோரு மனுக்கள். ஒற்றைக் காலில் நின்றான் என்று சொல்லலாம், ஆனால் அவனுக்கு நிற்கவே இரண்டு கட்டைகள் வேண்டும். ஒரு வேட்பாளர் கடைக்கே வந்து அவன் தலையைத் தடவிவிட்டுப் போனார். "என்னை என்ன நாய்க்குட்டின்னு நினைச்சாரா?" என்று அன்று முழுக்கப் புலம்பினான். இரண்டு வருடம் கழித்துப் பாதை வந்தது. சிமெண்ட் காய்வதற்குள் போய்ப் பார்த்து, மூன்று சக்கர வண்டியின் தடத்தை அதில் பதித்துவிட்டு வந்தான்.

"பாதை வந்தாச்சு. இனிமே ஆள் வரணும்" என்றான்.

அதுதான் கடினமாக இருந்தது. அடுத்த தேர்தலுக்கு ஆறு மாதம் இருக்கும்போதே வீடு வீடாகப் போக ஆரம்பித்தான். காது கேட்காத தச்சர், முதுகுத் தண்டு உடைந்து படுத்த படுக்கையாகிவிட்ட லாரிக்காரர், கை நடுங்குகிற பூக்கட்டுகிறவர். யாரைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான். "நான் ஓட்டுப் போட்டு என்னப்பா ஆகப்போகுது?"

"நாம வர மாட்டோம்னு தெரிஞ்சுதான் அங்க படியைக் கட்டியிருந்தாங்க. எண்ணிக்கையில நாம இல்லன்னா எதுலயும் இல்ல" என்பான். பாதிப் பேர் அவன் தொல்லை தாங்காமல் தலையாட்டினார்கள்.

தானாகக் கடை தேடி வந்தவர் ஆபரேட்டரம்மா ஒருவர்தான். பெரிய ஆஸ்பத்திரியில் முப்பது வருடமாகப் போன் எடுக்கிறவர். பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. அண்ணன் வீட்டில் இருந்தார்.

"நான் ஆறு தேர்தல்ல ஓட்டுப் போட்டிருக்கேன் தம்பி. யாருக்குப் போட்டேன்னு மட்டும் தெரியாது" என்றார். "அண்ணன்தான் கூட வந்து அழுத்துவார். நான் சொன்ன ஆளுக்குத்தான் போட்டேன்னு சத்தியம் பண்ணுவார். சத்தியமெல்லாம் எதுக்கு? ஒரு தடவை நானே அழுத்திட்டுச் சாகணும்."

என் தம்பி உருகிப்போனான். செருப்புப் பெட்டியில் பழைய அழைப்புமணிப் பொத்தான்களை வரிசையாகப் பதித்து, பக்கத்தில் புள்ளி எழுத்தில் எண்களை ஒட்டி, ஒரு பொய் ஓட்டு மிஷின் செய்தான். நூலகத்தின் பின்னறையைக் கேட்டு வாங்கி, தேர்தலுக்கு முந்தின வாரம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் எல்லாரையும் வரவழைத்துப் பயிற்சி கொடுத்தான். லாரிக்காரரைத் தவிர மற்ற பதினெட்டுப் பேரும் வந்தார்கள். ஆபரேட்டரம்மா விரலால் தடவி, எண்ணி, அழுத்தினார். மணி அடித்தது. மறுபடி அழுத்தினார். அன்று அவர் நாற்பது தடவையாவது அழுத்தியிருப்பார்.

"யாருக்கும்மா போடப் போறீங்க?" என்று நான் கேட்டேன்.

"அதைச் சொல்ல மாட்டேன். சொல்லாம இருக்கிறதுல எவ்வளவு சுகம் இருக்கு தெரியுமா?" என்று சிரித்தார்.

தேர்தல் நாள் காலையில் கதவு திறக்கும்போதே தம்பி உள்ளே போய், தன் ஓட்டைப் போட்டுவிட்டு, விரலில் மையோடு சரிவுப் பாதை அருகில் வந்து நின்றுகொண்டான். கல்யாண வீட்டுக்காரன் மாதிரி ஒவ்வொருவரையும் வரவேற்றான். ஒன்பது மணிக்கு ஆபரேட்டரம்மா வந்தார். அண்ணனை வாசலிலேயே நிறுத்திவிட்டுத் தடியைத் தட்டிக்கொண்டு தனியாக மேலே ஏறினார். நான் பின்னால் போனேன்.

அலுவலர் பட்டியலைப் பார்த்தார். புரட்டினார். மறுபடி பார்த்தார்.

"உங்களுக்கு இங்க ஓட்டு இல்லம்மா. வீட்டிலிருந்தே போடறேன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. போன சனிக்கிழமை ஒரு தடவை, ஞாயித்துக்கிழமை ஒரு தடவை உங்க வீட்டுக்கே வந்திருக்காங்க. ரெண்டு தடவையும் ஆள் இல்லன்னு போட்டிருக்கு."

"நான் அப்படிக் கேக்கவே இல்லியே."

"கையெழுத்து இருக்கேம்மா."

பதினெட்டுப் பேருக்கும் அதே கதை. தம்பி அந்த அலுவலரிடம் கத்தினான், கெஞ்சினான், கடைசியில் விண்ணப்பத்தைக் காட்டச் சொன்னான். சாவடியில் உதவி கேட்டு எல்லாருக்காகவும் அவனே எழுதிக் கொடுத்திருந்த 'உதவி வேண்டுவோர் விண்ணப்பம்'. ஏழாவது கட்டம்: வீட்டிலிருந்தே வாக்களிக்க விரும்புகிறேன். அதில் ஒரு டிக். பதினெட்டுத் தாளிலும் ஒரே இடத்தில், ஒரே சாய்வில், ஒரே டிக். அது லாரிக்காரருக்காக அவன் போட்டது. எழுந்திருக்க முடியாத அந்த மனுஷனின் தாளில்தான் பெயரை மறைத்து, என்னிடம் கொடுத்து, பதினெட்டு நகல் எடுக்கச் சொன்னான். சாவடி, வார்டு, கடையின் போன் நம்பர் எல்லாம் பொதுதானே என்று நினைத்தவன் டிக்கை மறந்துவிட்டான். அவனை நம்பியவர்கள் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த அலுவலர்களை, ஏதோ கணக்கெடுக்க வந்தவர்கள் என்று நினைத்து, "வெளிய போயிருக்காங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள் வீட்டுக்காரர்கள். இவர்களைத் தேடி ஓட்டுப் பெட்டி வரும் என்று யாருக்குத் தோன்றும்? ஓட்டுப் போட்டவர் லாரிக்காரர் மட்டும்தான். படுத்தபடியே போட்டார்.

ஆபரேட்டரம்மா சத்தம் போடவில்லை. சரிவுப் பாதையில் இறங்கி வந்து, தம்பியின் குரல் இருந்த பக்கம் திரும்பி நின்றார்.

"அண்ணன் அழுத்தினப்பகூட ஒரு ஓட்டு விழுந்துது தம்பி" என்றார். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

கடைக்கு வந்ததும் தம்பி மிஷின் துடைக்கிற திரவத்தை ஊற்றி விரல் மையைத் தேய்த்தான். போகவில்லை. தோல்தான் உரிந்தது.

இப்போது என் கதையைச் சொல்ல வேண்டும். அலுவலர்கள் வரும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே சொல்லிக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார்களாம்; தம்பி கத்திக்கொண்டிருந்தபோது இன்னொரு அலுவலர் இதை என்னிடம் சொன்னார், ஆபரேட்டரம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தார். லாரிக்காரருடையதும் சேர்த்துப் பத்தொன்பதும் கடை போனுக்குத்தான் வந்தன. அது இருப்பது என் கையில். வெள்ளிக்கிழமை மதியம், ஒரு வக்கீல் குமாஸ்தா நானூறு பக்கக் கட்டோடு தலைமேல் நிற்கிறார், போன் டிங் டிங் என்று விடாமல் அடிக்கிறது. 'மதிப்பிற்குரிய வாக்காளரே' என்பது வரைதான் படித்தேன். அந்த நாட்களில் எல்லாக் கட்சிக்காரனும் அப்படித்தான் அனுப்பினான். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டேன்.

தம்பி தன் தலையில் தானே அடித்துக்கொண்டபோது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. "என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்க்கா" என்றான். "விடுடா, யாருக்குத்தான் தப்பு வராது" என்று நான் அவனுக்கு ஆறுதல் சொன்னேன். இதைவிடக் கேவலமான காரியம் என் ஆயுசில் நான் செய்ததில்லை.

அதன் பிறகு அவன் பழைய ஆள் இல்லை. செருப்புப் பெட்டியைக் கெட்டுப்போன மிஷினுக்கு அடியில் தள்ளிவிட்டான். ஓட்டு விஷயமாக யாராவது தாளோடு வந்தால், "அதை ஆபீஸ்லயே கேட்டுக்குங்க" என்பான். தச்சர் அவனைப் பார்த்தால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுவார். ஐந்து வருடம் இப்படியே போயிற்று. அதற்குள் பதினெட்டில் மூன்று பேர் செத்தும் போனார்கள். அவர்கள் கடைசியாகப் போடாமல் போன ஓட்டு எங்கள் கடையில் தொலைந்தது. பள்ளிக்கூடச் சரிவுப் பாதையில் இப்போது வாத்தியார்கள் ஸ்கூட்டர் ஏற்றுகிறார்கள்.

போன மாதம் தடி தட்டும் சத்தம் கேட்டது. ஆபரேட்டரம்மா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாராம், இளைத்திருந்தார். கையில் அதே விண்ணப்பம், மடிக்காத புதுத் தாள்.

தம்பி எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை. "என்கிட்ட எதுக்கும்மா வந்தீங்க?" என்றான்.

"வேற யார்கிட்டப் போறது? ஆபீஸ்ல வாசிச்சுக் காட்ட ஆள் இல்லையாம். அண்ணனைக் கேட்டா அவரே நிரப்பிடுவார்." நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். "இந்தத் தடவை நகல் வேண்டாம். ஒவ்வொரு வரியா வாசிங்க. நான் சொன்னதுக்கப்புறம் எழுதுங்க."

அவன் வாசித்தான். ஏழாவது கட்டம் வந்ததும் பேனாவை மேசையில் வைத்துவிட்டான். அவர் காத்திருந்தார். அவன் மறுபடி வாசித்தான்.

"வேண்டாம். நான் நேர்ல போறேன்" என்றார்.

"ஏழுல டிக் இல்லம்மா. விரலை வச்சுப் பாருங்க, மை படாது" என்று அவர் விரலை எடுத்துத் தாளில் வைத்தான். பிறகு எட்டாவது வரிக்குப் போனான். "தொடர்புக்குப் போன் நம்பர். வழக்கம்போலக் கடை நம்பரே போடட்டுமா?"

"வேணாம் தம்பி. என் நம்பர் போடுங்க. முப்பது வருஷத்துக்கு மேல ஊர்ல இருக்கிறவங்களுக்கு வந்த போனை எல்லாம் எடுத்துக் கொடுத்தேன். எனக்கு வர்றதை நானே எடுத்துக்கறேன்."

இதைச் சொல்லும்போது அவர் முகம் தம்பி பக்கம் இல்லை. மிஷின் ஓடுகிற சத்தம் வந்த பக்கம், என் பக்கம், திரும்பியிருந்தது.

நான் மிஷினை நிறுத்தினேன். கடையில் வேறு ஆள் யாரும் இல்லை. தம்பி எண்களை ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்லி எழுதிக்கொண்டிருந்தான். அவன் எழுதி முடிக்கட்டும், பிறகு வாயைத் திறக்கலாம் என்று காத்து நின்றேன்.