இயங்குகிற மணிக்கு ஒரு புகார்

போன மாதம் ஒரு காலை. இட்லியைச் சட்னியில் தொடும் நேரம் பார்த்து போன் வந்தது.

"சார், டவுன்ஷிப் புகார் பிரிவுலேர்ந்து பேசறேன். ஸ்கூல் மணி சம்பந்தமா நீங்க கொடுத்த கம்ப்ளெய்ண்ட் முடிச்சாச்சு. எங்க சேவைக்கு ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள எவ்வளவு மார்க் போடுவீங்க?"

எதிரே என் மகள் கயல்விழி நின்றிருந்தாள். கையில் கரண்டி. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யாராலும் ஐந்து போட முடியாது.

"மூணு" என்றேன், சன்னமாக.

"ஏன் சார் மூணு? ஒரே நாள்ல புது மணியே மாட்டினோமே... என்ன குறை?"

என்னவென்று சொல்வேன்? அந்தத் தம்பி ஒரு குறையும் வைக்கவில்லை. குறை மொத்தமும் என்னுடையது.

விஷயம் இதுதான். என் பேத்தி யாழினிக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. போன வருடம் பாண்டிச்சேரியில் ஒரு டாக்டர் அவளை நான்கு தடவை வரவழைத்து, விளையாட விட்டு, பேசிப் பார்த்து, ஆட்டிசம் என்றார். இது நோயில்லை, மாத்திரையில் மாற்றுகிற சமாச்சாரமும் இல்லை, உலகம் அவளுக்குள் போய்ச் சேருகிற விதம் வேறு, மாற வேண்டியது சுற்றியிருக்கிற நீங்கள்தான் என்று பொறுமையாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் கயல்விழி அழுதாள். மாப்பிள்ளை ஷிப்ட்டுக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான்? ஒரு ஃபைல் திறந்தேன்.

என்ன செய்வது, சர்வீஸ் முழுக்க நிர்வாகப் பிரிவில் கழித்தவன். மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை போனால் டாக்டர்கள் இருப்பார்கள், எத்தனை போட்டோ, எதன் ஜெராக்ஸில் யார் கையெழுத்து... எல்லாம் எனக்கு அத்துப்படி. அடையாள அட்டை வந்து சேர்ந்தபோது நான் விட்ட பெருமூச்சு என் பென்ஷன் ஆர்டருக்குக்கூட விட்டதில்லை.

அண்டை அயலார் ஆறுதல் சொல்ல வந்தார்கள். பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர், "கவலைப்படாதீங்க சார், பேச்சு வராத பிள்ளைங்க எவ்வளவோ பேர் பெரிய ஆளா வந்திருக்காங்க" என்றார். யாழினிக்குப் பேச்சு வராமல் இல்லை. அவர் வீட்டு வாசலில் பதினெட்டுப் பூந்தொட்டி இருக்கிறது, அதில் ஆறு செடி செத்துவிட்டது, இரண்டு பிளாஸ்டிக் என்பதை அன்று சாயங்காலமே அவரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தாள். மனிதர் அதற்குப் பிறகு ஆறுதல் சொல்ல வரவில்லை.

சிக்கல் பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்தது. இரண்டாம் வகுப்புக்கு நேர் வெளியே, வராந்தாச் சுவரில் மின்சார மணி. அது கிர்ர்ரென்று அலறியதும் யாழினி காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவாள். எங்கே? பின்பக்கத்து சைக்கிள் ஷெட்டுக்கு. காதில் மாட்டுகிற ஹெட்போன் வாங்கிக் கொடுத்தோம். அது காதைக் கடிக்கிறது என்று கழற்றி, வகுப்புக் கரும்பலகைக்கு மாட்டிவிட்டாள்.

தலைமையாசிரியை எங்களைக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. பயந்தவர். "பிள்ளை ஒரு நாள் கேட்டைத் தாண்டிப் போயிட்டா யார் சார் பொறுப்பு? ரெண்டு வாரம் பார்ப்போம். சரிவரலைன்னா... அவளுக்குத் தகுந்த வேற ஸ்கூலா பாருங்க."

யாழினிக்கு அந்தப் பள்ளிக்கூடம் பிடிக்கும். அங்கே எத்தனை ஜன்னல் கம்பி என்பது அவளுக்குத் தெரியும். ஒரு சிநேகிதியும் கிடைத்திருந்தாள். இவள் சொல்லும் கணக்கையெல்லாம் வாயைப் பிளந்து கேட்கிற பொறுமைசாலி. அதை விட்டுவிட்டு எங்கே போவது?

அன்றிரவே பதினான்கு பக்கத்துக்கு மனு எழுதினேன். சட்டம், பிரிவு, உட்பிரிவு, இணைப்பு ஒன்று முதல் ஒன்பது வரை. கயல்விழி புரட்டிப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, மணி சத்தமா இருக்குன்னு இதுல எங்க இருக்கு?"

"பதினொண்ணாம் பக்கம்."

"ரெண்டு வாரம்தான் டைம். அவங்க பத்தாம் பக்கம் வர்றதுக்குள்ள நாம வேற ஸ்கூல்ல இருப்போம்."

நியாயம். குறுக்கு வழி ஒன்று உண்டு. பள்ளிக்கூடமும் எங்கள் கம்பெனி டவுன்ஷிப்பைச் சேர்ந்ததுதான்; அங்கே மின்சாரப் புகார்களுக்கென்று மொபைல் ஆப் இருக்கிறது. அதில் புகாரின் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இயங்கவில்லை. உடைந்துவிட்டது. காணவில்லை. மூன்றே மூன்றுதான். 'நன்றாக இயங்குகிறது, அதுதான் பிரச்சினை' என்று ஒரு வகை இல்லை. உலகம் தோன்றியதிலிருந்து யாரும் அப்படிப் புகார் கொடுத்ததில்லை போலிருக்கிறது.

இதற்கெல்லாம் அசருகிறவனா நான்? விவரம் தெரிந்தவர்கள் செய்கிற வேலை ஒன்று இருக்கிறது. 'இயங்கவில்லை' என்று போட்டால்தான் ஆள் வருவார். வந்ததும் நேரில் விஷயத்தைச் சொல்லி, காரியத்தை முடித்துக்கொள்ளலாம். குழாயிலிருந்து கூரை வரை டவுன்ஷிப்பே அப்படித்தான் ஓடுகிறது. போட்டேன். மறுநாள் பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் காத்திருந்தேன்.

ஆள் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டுப் போயிருந்தார்.

எத்தனை வருட சர்வீஸ்! ஒருவர்கூடச் சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்து நான் பார்த்ததில்லை. அந்த ஒருவர் அன்றைக்கு வந்தார். பழைய மணியைக் கழற்றிவிட்டு, பெரிய மெஷின்களின் இரைச்சலையும் மீறிக் கேட்கிற மாதிரியான புத்தம்புது மணி ஒன்றை மாட்டிவிட்டு, டெஸ்ட் பண்ணிவிட்டு, திருப்தியாகப் போய்விட்டார்.

முதல் பீரியட் முடிந்து அது அடித்தபோது நான் வராந்தாவில் நின்றிருந்தேன். என் பல் செட் ஆடியது. எங்கோ தள்ளி முத்தாண்டிக்குப்பம் கிராமத்தில் இருக்கிற மாடெல்லாம் எழுந்து நின்றிருக்கும்.

யாழினி அன்று ஓடவில்லை. டெஸ்க்குக்கு அடியில் புகுந்துகொண்டாள். சாயங்காலம் என்னிடம் சொன்னாள்: "தாத்தா, பழைய மணி தலைக்கு வெளியில இருந்துச்சு. இது உள்ள இருக்கு. நாளைக்கு நான் போகலை."

மறுநாள் காலைதான் அந்த மார்க் கேட்கிற போன்.

போனை வைத்ததும் கயல்விழி சொன்னாள். "இன்னைக்கு நான் பேசறேன். நீங்க கூட வரலாம். வாயைத் திறக்கக் கூடாது. சட்டைப் பையில இருக்கிற பேனாவையும் வெச்சிட்டு வாங்க."

யாழினியையும் அழைத்துக்கொண்டு போனோம். மணிக்கு முன்பே சைக்கிள் ஷெட்டில் உட்கார்ந்துகொள்ளலாம் என்று உத்தரவாதம் கொடுத்த பிறகுதான் வந்தாள்.

கயல்விழி தலைமையாசிரியையிடம் மனுவெல்லாம் நீட்டவில்லை. "மேடம், இன்டர்வெல் மணி அடிக்க ரெண்டு நிமிஷம் இருக்கு. என் கூட வந்து, அவ பெஞ்சுல உட்காருங்க. அவ்வளவுதான் கேக்கறேன்."

அவர் யோசித்தார். வந்தார். இரண்டாம் வகுப்புப் பெஞ்சில் கஷ்டப்பட்டு ஒடுங்கி உட்கார்ந்தார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். வராந்தாவில் சுவிட்ச் பக்கத்தில் பள்ளிக்கூடத்து ஆயா அஞ்சலை, கான்ட்ராக்ட்டில் வேலை பார்க்கிறவர், தலையை நீட்டிக் கேட்டார்.

"மேடம், நெசமாவே அடிக்கட்டுங்களா? நேத்து அடிச்சதுல எனக்கே இன்னும் காது அடைச்சிக்கினு இருக்குதுங்க."

"அடிம்மா" என்றார் தலைமையாசிரியை, கம்பீரமாக.

அடித்தார்.

தலைமையாசிரியை எழுந்ததை நான் பார்த்தேன். வாசலைத் தாண்டியதைப் பார்க்கவில்லை, அவ்வளவு வேகம். இரண்டு கையும் காதில். வராந்தா முடிந்து, படியிறங்கி, நேராகப் பின்பக்கம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சைக்கிள் ஷெட்டில், இரண்டு சைக்கிளுக்கு நடுவில் மூச்சு வாங்க நின்றிருந்தார்.

கீழே யாழினி உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"மிஸ், இங்க கம்மியாத்தான் கேக்கும். உக்காருங்க. அந்தப் பக்கம் வேணாம், கிரீஸ்."

அவர் உட்கார்ந்தார். காதிலிருந்து கையை எடுத்தார். பிறகு கயல்விழியிடம், "அந்த ரெண்டு வாரம் சொன்னேனே... அதை மறந்துடும்மா. இவ இங்கதான் படிப்பா" என்றார்.

"சந்தோஷம் மேடம். அதை எழுத்துல கொடுத்துடுங்க."

யார் பெற்ற மகள்!

மறுநாளிலிருந்து மணி அடிக்கவில்லை. காரணம் யாருக்கும் தெரியவில்லை. கேட்டில் என்னை ஓரமாகக் கூப்பிட்டு அஞ்சலைதான் சொன்னார். "மணியோட ஃபீஸ் கட்டையைப் புடுங்கினு போயி எங்க வூட்டு அரிசிப் பானையில போட்டுட்டேன் சார். நானு கான்ட்ராக்ட்டு. யாராச்சும் கேட்டா எலின்னு சொல்லிடுங்க." எலி ஃபீஸ் கட்டையைக் கழற்றுமா என்று நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்து எலி, படித்திருக்கும்.

முதல் இரண்டு நாள் கூத்து. கணக்கு வாத்தியார் தொடர்ந்து இரண்டரை பீரியட் நடத்தினார். மூன்றாம் வகுப்பு பதினொன்றரைக்கே சாப்பாட்டை முடித்தது. அப்புறம் அஞ்சலையே ஒவ்வொரு வகுப்பாகத் தலையை நீட்டி, "நேரம் ஆச்சுங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். பள்ளிக்கூடம் இடிந்து விழவில்லை. தலைமையாசிரியை மட்டும் ஒரு வாரமாகத் தலைவலி மாத்திரை போடவில்லை என்று ஆச்சரியப்பட்டார்.

ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே. மணி அடிக்கவில்லை என்றால் தலைமையாசிரியை ரிப்போர்ட் பண்ண வேண்டும். பண்ணினால்? 'இயங்கவில்லை' வகை. அதே ஆள், காலை ஏழு மணி, இன்னும் பெரிய மணி!

"இப்ப நான் வாயைத் திறக்கலாமா?" என்று மகளைக் கேட்டேன். அனுமதி கிடைத்தது. பேனாவும் திரும்பக் கிடைத்தது.

ஒரு காரியத்தை நடத்துவதற்குப் பத்து வழி தெரிந்தவன், அதை நடக்காமல் வைப்பதற்கு நூறு வழி தெரிந்தவனாக இருப்பான். அரைப் பக்கம்தான் எழுதிக் கொடுத்தேன். பள்ளிகளில் மணியின் சத்தம் எந்த அளவில் இருக்கலாம் என்பதற்குத் தெளிவுரை வேண்டுகிறோம். தெளிவுரை வரும்வரை மணி நிறுத்திவைக்கப்படுகிறது. மூன்று அலுவலகங்களுக்கு ஒரே நேரத்தில், ஒவ்வொன்றுக்கும் மற்ற இரண்டின் கருத்தை அறிந்து பதில் தருமாறு ஒரு வரி சேர்த்து.

தலைமையாசிரியை படித்துவிட்டுக் கேட்டார். "இதுக்குப் பதில் எப்ப சார் வரும்?"

"வராது மேடம்."

முதல் முறையாக அவர் சிரித்துப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டார்.

நான் சொன்னது தவறு. நேற்று ஓர் அலுவலகத்திலிருந்து பதில் வந்தேவிட்டது: 'கூடுதல் விவரம் தேவை.'

அனுப்புவேன். அப்புறம் அதற்கும் கூடுதல் விவரம் கேட்பார்கள். எனக்கு அறுபத்தாறு வயதுதான். யாழினி பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை இந்த ஃபைல் தாங்கும்.