உதைக்கு முந்திய நொடி

ரிவால்வரின் மூன்று அறைகளில் குண்டு, இரண்டில் ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு உருளையைச் சுழற்றி அப்படியே மூடுகிறாள் மார்வா. எதில் குண்டு இருக்கிறதென்று இனி அவளுக்கே தெரியாது. பனி விட்ட நாளிலிருந்து காலைக் காப்பிக்கு முன்னால் இதுதான் வேலை. வீட்டின் பின்னால் மண்மேட்டில் ஒரு காகிதத் தட்டு. பத்து கஜம் தள்ளி அவள்.

இரண்டு கைகளாலும் பிடியை உச்சியில் இறுக்குகிறாள். முழங்கையில் கொஞ்சம் மடிப்பு. வெடித்ததும் அந்தக் கனத்த ரிவால்வர் நெற்றி உயரத்துக்கு எகிறுகிறது. அவள் அதோடு மல்லுக்கு நிற்பதில்லை. போக விட்டுத் திரும்ப இறக்குகிறாள். "உதைக்கறது அதோட குணம். உதைக்கப்போகுதேன்னு முன்னாடியே பயப்படுறோம் பாரு, அதுதான் ஆளைக் கவுக்குது" என்பாள். காலி அறையில்தான் குட்டு வெளிப்படும். வெடி இல்லை, சத்தம் இல்லை; ஆனாலும் குழல் முனை ஒரு விரற்கடை கீழே குத்துகிறது. "திருட்டுக் கழுதை!" என்று தன் வலது கையைத் திட்டுகிறாள்.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. பத்தொன்பது கோடைகளாக அலாஸ்காவின் ஓர் ஆற்று முகாமில், ஆற்றின் குறுக்கே கட்டிய தடுப்பு வேலிமேல் உட்கார்ந்து, எதிர்நீச்சலில் ஏறிப்போகும் சால்மன் மீன்களை எண்ணுவது தொழில். பேசிக்கொண்டிருக்கும்போதும் எண்ணும் கருவியை அழுத்துவதுபோல் கட்டைவிரல் துடிக்கும். மீனைத் தேடிக் கரடிகளும் அந்த வேலிக்குத்தான் வரும்.

போன ஆகஸ்டில், கூட வேலை பார்த்த ரூடிமேல் ஒரு கரடி பாய்ந்தது. மார்வா சுட்ட முதல் குண்டு அதன் காலடிச் சரளையில் புதைந்தது. இரண்டாவது கரடியைச் சாய்த்தது. அதற்குள் ரூடியின் உயிர் போய்விட்டது. விசாரித்தவர்கள் அவள்மேல் குற்றமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அவள் அந்தத் தாளைப் படிக்கக்கூட இல்லை.

முகாம் போகுமுன், மே மாதத்தில் சுடும் தேர்வு. நடத்துகிறவர் ஹார்லன், அதே ஆற்றில் அவளோடு ஆறு கோடை மீன் எண்ணியவர். ரூடிக்குப் பிறகு வந்த புது விதிப்படி, ஓர் அறையைக் காலியாக விட்டு அவரே குண்டு போட்டுக் கொடுத்தார். அந்த அறையில் முனை குனிந்தால் தேர்வு போச்சு.

மூன்று குண்டுகள் தட்டைத் துளைத்தன. நாலாவது வெறும் 'டிக்'. முனை குனிந்தது.

ஹார்லன் தொண்டையைச் செருமினார். "நான் தட்டைத்தான் பாத்துட்டிருந்தேன், மார்வா. போய் மூட்டை கட்டு."

"நீ என் கையைத்தான் பாத்த."

"அடி கிழவி, இந்த வருஷம் ஆளே கிடைக்கல. உன்னை விட்டா யாரு போவா?"

"என்கூட யாரைப் போட்டிருக்க?"

"பெக்கெட்."

"பெக்கெட்டுக்குக் காவலா நிக்கப்போறது இந்தக் கைதான். அவன் பொண்டாட்டிகிட்ட அதைச் சொல்லிட்டியா?"

ஹார்லன் கையிலிருந்த தேர்வுத் தாளையும் பேனாவையும் மேசைமேல் போட்டார்.

மார்வா உருளையைத் திறந்து மிச்சமிருந்த குண்டை எடுத்துவிட்டு, ரிவால்வரை மேசைமேல் வைத்தாள். தேர்வுத் தாளைத் தன் பக்கம் திருப்பினாள். பேனாவை எடுத்த வலது கையை ஒருமுறை பார்த்தாள். பேனாவை இடது கைக்கு மாற்றி, தன் பெயருக்கு எதிரே, ஒவ்வோர் எழுத்தாக, 'தேறவில்லை' என்று எழுதினாள்.