பூட்டு சாரின் மீசை

“முன்பின் தெரியாத நம்பருக்கு நான் ஒரு எழுத்து பதில் போட்டேன்னா, அன்னிக்கே இந்த மீசையை எடுத்துடறேன். எழுதி வெச்சுக்குங்க!”

எங்கள் அலுவலகத்தின் கணினிப் பாதுகாப்பு அதிகாரி இப்படிச் சூளுரைத்தபோது எல்லோரும் பயபக்தியோடு மீசையைப் பார்த்தோம். லேசுப்பட்ட மீசை அல்ல. அறைக்குள் அவருக்கு முன்னால் நுழைவது அதுதான். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பூட்டு சார். விஷயம் காதுக்கு எட்டியபோது, பட்டம் கிடைத்ததுபோல் வாங்கி வைத்துக்கொண்டார்.

அவருடைய மடிக்கணினியின் கேமராவுக்கு நிரந்தரமாக ஒரு பிளாஸ்திரி. பாஸ்வேர்டு அடிக்கும்போது, குஞ்சுகளை மூடும் கோழிபோல் விசைப்பலகைமேல் கவிழ்ந்துகொள்வார். பார்சல் வந்தால் முகவரிச் சீட்டைக் கிழித்து, தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கிய பிறகே குப்பைக்கு வழியனுப்புவார்.

சொந்த அலுவலகத்துக்கே தூண்டில் போடுவதும் உத்தியோகத்தில் அடக்கம். பரிசு விழுந்ததாகப் பொய் மின்னஞ்சல் அனுப்பி, தொட்டவர்களைப் பிடித்து வகுப்பில் உட்காரவைப்பார். கணக்குப் பிரிவு அக்கா அங்கே நிரந்தர மாணவி.

“பரிசுன்னு போட்டிருந்துச்சே, சார்!”

“நிஜமா விழுந்தா வீட்டுக்காரர்கிட்டகூட மூச்சு விட மாட்டீங்க. முகம் தெரியாதவன் கேட்டதும் பாஸ்வேர்டைத் தூக்கிக் குடுத்துட்டீங்களேம்மா!” மீசை முறுக்கப்படும்.

அவருடைய பிரதானப் பாடம் ஒன்று உண்டு. “அப்பா, நான்தான், இது புது நம்பர்னு மெசேஜ் வரும். பதறிப்போய் பதில் போட்டீங்க, தொலைஞ்சீங்க. திருடனுக்கு எல்லா அப்பனும் ஒண்ணுதான். யோசிக்காம அழிச்சிடணும்.”

போன வாரம் தம் கைபேசியையே பெரிய திரையில் காட்டி வேறேதோ விளக்கிக்கொண்டிருந்தார். திரையின் உச்சியில் அது வந்து விழுந்தது: ‘அப்பா, நான்தான். இது புது நம்பர்.’

“சார், உங்க திருடன் உங்ககிட்டயே வந்துட்டான்! அழிங்க சார், அழிங்க!” அக்காவுக்குப் பழிவாங்கிய சந்தோஷம். அறையே சிரித்தது.

பூட்டு சார் சிரிக்கவில்லை. அவருடைய ஒரே மகன் அவரோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போய் மூன்று வருடமாகிறது. அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. அது நினைவுக்கு வந்த வரிசையில் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டோம்.

“ஆமா... அழிக்கணும்” என்றார். கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வகுப்பைப் பாதியில் விட்டுப் போனார்.

மறுநாள் காலை அக்கா வழக்கம்போல் ஒரு தூண்டிலில் மாட்டியிருந்தார். “எத்தனை தடவைம்மா சொல்றது?” என்று ஆரம்பித்த பூட்டு சாரின் கை, பழக்கதோஷத்தில் மூக்குக்குக் கீழே போய், முறுக்குவதற்கு ஒன்றுமில்லாமல் சற்று நேரம் அங்கேயே நின்றது.