நூற்று நான்கு பொட்டுகள்

பட்டு வேட்டிகளுக்கு நடுவில் மடிக்கணினியைச் செருகி, பீரோவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் ராஜபாண்டி. அவர் மனைவி ஜோதிலட்சுமி சந்தனக் கிண்ணத்துடன் வாசலில் நின்றிருந்தாள்.

"கிரைண்டருக்கு வச்சாச்சு. வண்டிக்கு வச்சாச்சு. இதுக்கு மட்டும் என்னங்க?"

"அது ஒரே அலுமினியத்துல கடைஞ்சது. அதுல போயி சந்தனத்த அப்புவியா?"

"அருவாமனையும் ஒரே இரும்புல அடிச்சதுதான். அது ஒண்ணும் கோவிச்சுக்கிறல."

லோயர் கேம்ப் மின்நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் அவர் பார்த்ததெல்லாம் கம்பியும் போல்ட்டும்தான். தொண்ணூற்றெட்டில் முதல் கம்ப்யூட்டரை மதுரையிலிருந்து மடியில் வைத்து பஸ்ஸில் மார்க்கையன்கோட்டைக்குக் கொண்டுவந்தார். பழுப்புப் பெட்டி. அந்த ஆயுத பூசைக்கு ஜோதிலட்சுமி கீபோர்டின் நூற்று நான்கு கட்டைகளுக்கும் தனித்தனியாகப் பொட்டு வைத்தாள். ஒன்றை விட்டால் அது குறை. சந்தனம் காய்ந்து இடுக்குகளில் இறுகியது. ஸ்பேஸ் பார் அமுங்கினால் எழவில்லை.

இரண்டாவது, மகன் ஈஸ்வரபாண்டி தேர்ந்தெடுத்த கறுப்புப் பெட்டி. உள்ளே நீல விளக்கு எரியும். சர்க்கஸ் கூடாரம் என்று அவர் அதன் மேல் துண்டு போட்டு வைத்தார்.

ஓய்வு பெற்ற பிறகு இந்த மடிக்கணினியை வாங்கினார். மூடினால் ஒரு தகடு. ஒரு கம்பி இல்லை, ஒரு திருகின் தலை தெரியாது. தினமும் கண்ணாடி துடைக்கும் துணியால் துடைப்பார். இதற்கு இது முதல் ஆயுத பூசை.

"அதுக்குள்ளதானங்க நம்ம புள்ள வாரான்," என்றாள். மகன் கனடாவில் இருந்தான். ஊருக்கு வந்து நான்கு வருடம்.

அவர் பையிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவள் உள்ளே போனாள்.

மாலையில் விளக்கேற்றியபோது பலகையில் அரிவாள்மனைக்கும் பம்புசெட் ஸ்பானருக்கும் நடுவில் ஒரு முழம் இடம் காலியாக இருந்தது. அவள் கற்பூரத்தட்டை எடுக்காமல் நின்றாள். ராஜபாண்டி ஸ்பானரைச் சற்று நகர்த்திப் பார்த்தார். பழைய இடத்திலேயே வைத்தார். பிறகு பீரோவைத் திறந்தார்.

கணினியைக் கவிழ்த்து வைத்தார். நான்கு ரப்பர் காலும் மேலே பார்த்தன.

"இங்கன வையி. நடுவுல. ஒண்ணே ஒண்ணு."

"மல்லாக்கப் போட்ட ஆமைக்குப் பொட்டு வச்ச மொத ஆளு நானாத்தான் இருப்பேன்," என்றாள். சந்தனத்தை வழக்கத்தைவிடக் கெட்டியாகவே குழைத்திருந்தாள். நீர் ஒழுகவில்லை. அதன் மேல் குங்குமம் வைத்தாள்.

மறுநாள் விஜயதசமி. காலையில் தீபாராதனை காட்டிய பிறகு பலகையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்தார்கள். ஒன்பதரைக்கு ஈஸ்வரபாண்டி திரையில் வந்தான். பன்னிரண்டு நிமிடம் பேசினான். மேசையில் கொஞ்சம் சந்தனம் உதிர்ந்திருந்தது. ராஜபாண்டி மேசையை மட்டும் துடைத்தார். பிறகு ஸ்பானரை எடுத்துக்கொண்டு வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனார்.