சோமனூர்க்காரருக்குப் போட்ட ஊசி

பிரேதப் பரிசோதனை டாக்டர் வேலையில் ஒரு வசதி உண்டு: உள்ளே மேசையில் இருப்பவர் பொய் சொல்ல மாட்டார், அந்தக் குறையை வெளியே பெஞ்சில் இருப்பவர்கள் தீர்த்துவைப்பார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் கால் கடுக்க நின்ற உங்களுக்கு இது தெரியாததா?

வரவேற்பு

ஆர்.எஸ்.புரத்துக்குக் குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரர் என் தொழிலைக் கேட்டார். சொன்னேன். மனுஷர் ஒரு நிமிஷம் ஆடிப்போய்விட்டார். ஆனாலும் கோயம்புத்தூர் மரியாதை விட்டுப்போகுமா? "அவசியம் நம்மூட்டுக்கு வாங்க டாக்டர், வேலையா மட்டும் வந்துபோடாதீங்க."

கோபத்திலும் ஒரு விசாரிப்பு

சோமனூரில் விசைத்தறி வைத்திருந்த ரங்கசாமி, குடலிறக்க ஆபரேஷனுக்காக ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். காலையில் நர்ஸ் ஷமீமா ஊசி போட்டாள். ஐந்தே நிமிஷத்தில் மூச்சு நின்றுவிட்டது. ஊசிதான் கொன்றது என்று போலீஸில் புகார். அந்த உக்கடத்துப் பெண்ணுக்கு வேலையில் சேர்ந்து ஆறு மாசம்தான் ஆகியிருந்தது. என் அறிக்கை அவளுக்கு எதிராக வந்தால் அவள் ஜெயிலுக்குப் போக வேண்டியதுதான்.

ரங்கசாமியின் மனைவி சரஸ்வதியம்மா கண் சிவந்து என் எதிரே நின்றார். "அந்தப் புள்ளைய உள்ள வெக்காம நாங்க ஊட்டுக்குப் போறதில்லைங்க. நீங்க சாப்ட்டீங்களா அம்மணி?"

ஏட்டையா கண்டது

ஊசி போட்ட இடம் சுத்தமாக இருந்தது. மருந்து ஒத்துக்கொள்ளாத அடையாளமும் இல்லை. மீதி மருந்தைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். மூச்சுக்குழாயைத் திறந்தால், ஆழத்தில் வெள்ளையாக ஒரு உருண்டை அடைத்துக்கொண்டிருந்தது.

ராத்திரியிலிருந்தே பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறது! நான் விழித்தேன். கூட நின்ற ஏட்டையா மூக்கைப் பொத்தியபடி எட்டிப் பார்த்தார். "சந்தகையுங்க டாக்டர், இடியாப்பமாட்ட இருக்கும். தேங்காப்பால் ஊத்துனது."

ஆறு கட்டில்

ஏட்டையா ஆறு கட்டில் வார்டுக்குப் போய் விசாரித்தார். அன்று காலையில் ரங்கசாமியைப் பார்க்க வந்த சம்பந்தி தூக்குப்போசி நிறையச் சந்தகை கொண்டுவந்து வார்டு முழுக்கப் பரிமாறியிருக்கிறார். ரங்கசாமி தானே கேட்டு வாங்கிக்கொண்டார். நர்ஸ் வரும் சத்தம் கேட்டதும், திட்டு விழுமே என்று வாயிலிருந்ததை அப்படியே விழுங்கியிருக்கிறார்; அது புரையேறி மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிட்டது. ஷமீமாவுக்குக்கூட மேசையில் ஒரு டப்பா வைத்திருந்தார்கள்.

ஆபரேஷனுக்கு இருந்தவருக்கு ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, சம்பந்தி தலை குனிந்து சொன்னாராம்: "அஞ்சு கட்டிலுக்கும் குடுத்துப்போட்டு, அவரை மட்டும் எப்படிங்க உடறது?"

டப்பா

மருந்தில் கோளாறு இல்லை என்று லேப் அறிக்கையும் வந்தது. அன்றைக்கு நான் இரண்டு காப்பி குடித்தேன், அவ்வளவு சந்தோஷம். விஷயத்தைச் சொன்னதும் சரஸ்வதியம்மா அழுதார். அழுகைக்கு நடுவிலேயே, கல்யாணத்தன்றும் பந்திக்கு முன்னால் திருட்டுத்தனமாகச் சாப்பிட்டுச் சமையல்கட்டில் மாட்டிக்கொண்ட மனுஷர் அவர் என்று சொல்லிச் சிரித்துவிட்டார்.

மறுநாள் புகாரை வாபஸ் வாங்கிவிட்டு என்னைப் பார்க்க வந்தவர், ஷமீமாவையும் வரச்சொல்லியிருந்தார். கையில் ஒரு டப்பா. திறந்தால் சந்தகை. ஷமீமா அவர் தோளில் சாய்ந்து தேம்பினாள். அம்மா அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, ஒரு வாய் எடுத்துக் கொடுத்தார். "தப்பா நெனச்சுப்போட்டேன், கண்ணு. மெதுவா மென்னு தின்னு, ஆரும் வையமாட்டாங்க."

எத்தனையோ விஷத்தைப் பார்த்தாகிவிட்டது, இந்த ஊரில் நான் இன்னும் பயப்படுவது "ஒரே ஒரு வாய் சாப்பிடுங்க" என்பதற்குத்தான்.