ரம்பத்தின் மறுமுனை

ஒருவரும் நம்பப்போவதில்லை, இருந்தாலும் சத்தியம் செய்தே சொல்கிறேன்.

பாகூரில் ஆறுமுகமும் கண்ணனும் ஆளுக்கொரு முனை பிடித்து மரம் அறுக்கும் ரம்பம், பிரான்சிலிருந்து கடலையே இரண்டாய் அறுத்துக்கொண்டு வந்தது. பாதிக் காட்டைத் தின்றும் ஒரு பல்கூடத் தேயவில்லை.

கண்ணன்தான் தேய்ந்தான். இருமி இருமி, இன்று விடியலில் போய்விட்டான்.

அவன் சிதைக்கு மாமரம் அறுக்க, மறுமுனையை நான் பிடித்தேன்.

"இன்னா மாமா, தள்றியே! இழுக்க மட்டுந்தான் செய்யணும். கண்ணன் தள்ளவே மாட்டான்."

"நான் தள்ளினா பூமியே நகரும்டா!"

ஆறுமுகம் சிரிக்கவில்லை.

மூச்சு வாங்கியது, கையை எடுத்துவிட்டேன். அவன் நிமிராமலே, ஆளில்லாத பிடியிடம் சொன்னான்: "இழு மச்சான்."

கடல், காடு, பூமி எல்லாம் என் புளுகு. அந்த "இழு மச்சான்" மட்டும் நிஜம்.

அதுவும் பொய்யென்று யாராவது சொல்லுங்களேன்.