சின்னதாக்கிக் கொடுத்தவர்

சூடேறிய தூசி வாடை எங்கே அடித்தாலும் எனக்கு அவர் ஞாபகம் குமட்டிக்கொண்டு வருகிறது. ராயபுரம் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் பழுதுபார்க்க வந்தவர். ஸ்குரூ டிரைவரால் காது குடைவார். துடைக்காமல் அதையே தூசி படிந்த கம்ப்யூட்டர் பெட்டிக்குள் விடுவார்.

தங்கையின் கல்யாண வீடியோ திக்கித் திக்கி ஓடியது. கேசட் பூஞ்சை பிடித்த பின், செத்துப்போன அப்பா நடமாட மிஞ்சிய ஒரே இடம் கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்திருந்த அந்த ஃபைல்.

"இப்ப பாரு சார், ரயிலு மாரி போவுது."

ஓடியது. அப்பாவின் முகம் மட்டும் சதுரம் சதுரமாக உடைந்து, கண்ணில்லாமல் அசைந்தது.

"பெரிய ஃபைலு, மிஷினு தாங்கல. சின்னதாக்கிட்டேன்."

"பழசு எங்கே?"

"அழிச்சிட்டேன். எடத்த அடைச்சிக்கினு கெடந்துச்சி."

"அதுலதானய்யா எங்கப்பா முகம் இருந்தது!"

பையை மாட்டிக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்தப் பரிதாபத்தை இன்றுவரை விழுங்க முடியவில்லை.

"இன்னா சார் நீ, உங்க நைனா மூஞ்சி உனுக்கே தெரியாதா?"